ஒரு குழியில் சரியாக இருந்த மட்டை அடுத்த குழியில் ஏன் தவறுகிறது?

கொக்கிரகுளத்தான்:

அனைவருக்கும் வணக்கம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், நான்கு ஆண்டுகளாக, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சென்று, கவுடியார் மைதானத்தில் நண்பர் ஒருவரின் விருந்தினராகக் கோல்ஃப் விளையாடி வருகிறேன். அது ஒன்பது குழி மைதானம். அதையே இரண்டு முறை சுற்றிப் பதினெட்டாகக் கணக்கிடுவோம். எந்த இடத்திலிருந்து எந்த மட்டையை எடுக்க வேண்டும் என்பது எனக்கு அங்கே மனப்பாடம்.

சென்ற ஆனி மாதம் கொடைக்கானலுக்குச் சென்றிருந்தபோது அங்குள்ள பதினெட்டுக் குழி மைதானத்தில் விளையாடும் வாய்ப்புக் கிடைத்தது. தொடக்கத்தில் 130 கெஜத்துக்கு வழக்கம்போல 7-ஆம் எண் அயர்னை (இரும்புத் தலை மட்டை; எண் கூடக் கூடப் பந்து போகும் தூரம் குறையும்) எடுத்து அடித்தேன். பந்து, குழியைச் சுற்றியுள்ள குறும்புல் தரையான கிரீனைத் தாண்டிப் போய் விழுந்தது. மலைக் காற்றில் பந்து கூடுதலாகப் போகும் என்று, மட்டைப் பையைச் சுமந்து வந்த கேடி சொன்னார். அவர் சொற்படி ஒரு மட்டை குறைத்து, 130-க்கு 8 என்று வைத்துக்கொண்டேன். மூன்று குழிகள் அழகாக அமைந்தன. அதன் பிறகு மேடேறும் ஒரு குழியில், மூடுபனி முகத்தில் அடித்துக்கொண்டிருக்க, அதே 130 கெஜத்துக்கு அதே 8-ஐ எடுத்தேன். பந்து இருபது கெஜம் குறைவாகப் போய்ச் சரிவில் விழுந்து, என் காலடிக்கே உருண்டு வருவதுபோலப் பாதி தூரம் திரும்பி வந்தது. கை தளர்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த குழியில் பலமாக வீசினேன். பந்து வலப்புற மரங்களுக்குள் போயிற்று. அதற்குள் காட்டெருமைகள் கிரீனுக்குச் செல்லும் புல்வெளியான ஃபேர்வேயைக் கடக்கத் தொடங்கின. அவை போகும்வரை கால்மணி நேரம் நின்றோம். முதல் ஒன்பது குழிகளை 44 அடிகளில் முடித்த எனக்கு அடுத்த ஒன்பதுக்கு 57 அடிகள் தேவைப்பட்டன.

உடன் வந்த நண்பர், இது உடல் தளர்ச்சி அன்று, ரவுட்டிங் என்கிறார். அதாவது, குழிகளை எந்த வரிசையில், எந்தத் திசையில் அமைத்திருக்கிறார்கள் என்பதுதான் காரணம் என்கிறார். மைதானத்தின் தடம் ஒருவருடைய ஆட்டத்தை இவ்வளவு தூரம் மாற்றுமா? மாற்றுமானால், மட்டையை எதைக் கொண்டு முடிவு செய்வது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பனைவிளை:

அண்ணாச்சிக்கு வணக்கம். நான் திசையன்விளைப் பக்கத்தைச் சேர்ந்தவன். உங்கள் கை தளரவில்லை, கணக்குத்தான் தவறியிருக்கிறது.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் பந்து எட்டு முதல் பத்து விழுக்காடு வரை கூடுதலாகப் போகும். 130 கெஜத்தில் அது ஏறக்குறைய 12 கெஜம், அதாவது ஒரு மட்டை. கேடி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்த மேட்டுக் குழியில் வேறு இரண்டு சங்கதிகள் சேர்ந்துகொண்டன. கிரீன் எட்டு மீட்டர் மேலே இருந்தால் ஏறக்குறைய அவ்வளவு தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே 9 கெஜம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் பந்து பத்து விழுக்காடு தூரத்தை இழக்கும் என்பது விளையாடுபவர்களிடையே வழங்கும் கணக்கு. அது இன்னொரு 13 கெஜம். 130-இல் 12-ஐக் கழித்து, 9-ஐயும் 13-ஐயும் கூட்டினால் 140. உங்கள் 8-ஆம் எண் சமவெளியில் 120 போகுமானால், இருபது கெஜம் குறைந்தது வியப்பில்லை. அந்த இடத்தில் 6-ஐ எடுத்திருக்க வேண்டும்.

காற்றைப் பற்றி நான் கற்றது எங்கள் விளையில்தான். மேற்கிலிருந்து கிழக்காக ஒரே வரிசையில் நிற்கும் பனைகளை அடியெடுத்து அளந்து, ஒவ்வொரு மரத்திலும் கெஜக் கணக்கைச் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறேன். பங்குனிக் காலையில், ஓலை அசையாத நேரத்தில், என் 9-ஆம் எண் அயர்ன் 110 கெஜம் போகும். ஆடியில், மேல்காற்று தேரி மணலை வாரிக்கொண்டு வரும் நாளில், மேற்கு நோக்கி அடித்தால் அதே மட்டை 80-ஐத் தாண்டுவதில்லை. அப்படியே திரும்பி நின்று கிழக்கு நோக்கி அடித்தால் 140 போக வேண்டும் என்றுதான் நானும் முதலில் எதிர்பார்த்தேன். 122-தான் போயிற்று. பல நாள் அடித்துப் பார்த்தும் அப்படியேதான் இருந்தது. எதிர்க்காற்று எடுத்துக்கொள்வதில் பாதியைக்கூடப் பின்காற்று திருப்பித் தருவதில்லை. ஒரு குழியில் எதிரே இருந்த காற்று அடுத்த குழியில் முதுகுப் பக்கம் வந்தால், கூட்டியதை அப்படியே கழித்துவிடக் கூடாது.

எதிர்க்காற்றில் பலமாக வீசுவதும் கூடாது. பலமாக அடிக்க அடிக்கப் பந்தின் பின்சுழற்சி கூடுகிறது, பந்து மேலே ஏறி அங்கேயே நின்று செங்குத்தாக விழுகிறது. ஒன்றோ இரண்டோ மட்டை கூட்டி, பிடியைச் சற்றே தாழ்த்தி, முக்கால் வீச்சாக அமைதியாக அடித்தால் பந்து தாழ்ந்து போகும்.

வடக்கு ரத வீதி:

பனைவிளைத் தம்பி சொன்ன கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேட்டவரின் கேள்வி ஒரு குழியைப் பற்றியது அன்று. குழிகள் ஒன்றையடுத்து ஒன்று வரும் முறையைப் பற்றியது. அபர்தீனில் எண்ணெய்த் துறையில் எட்டு ஆண்டுகள் பணிபுரிந்த காலத்தில் ஸ்காட்லாந்தின் கடற்கரை மைதானங்கள் சிலவற்றைப் பார்க்கவும் சிலவற்றில் விளையாடவும் கிடைத்த வாய்ப்பால் எனக்குப் புரிந்ததைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பழைய மைதானங்களில் பல, போய்த் திரும்பும் தடத்தில் அமைந்தவை. கடலோரமாக ஒரு கோடி வரை விளையாடிக்கொண்டே போய், அங்கிருந்து திரும்பி வருவது. செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானம் அப்படித்தான். போகும் வரிசையும் வரும் வரிசையும் அருகருகே ஓடுவதால் பெரும்பாலான கிரீன்கள் இரண்டு குழிகளுக்குப் பொதுவாக இருக்கின்றன, அப்படிப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள் என்ற வழக்கமே அங்கே 1764-இல், அதுவரை 22 ஆக இருந்ததைக் குறைத்தபோது பிறந்தது.

ராயல் ட்ரூனும் இந்த வகைதான். வழக்கமாக வீசும் காற்று அங்கே போகும்போது முதுகுப் பக்கம் இருக்கிறது, திரும்பும்போது முகத்தில் அடிக்கிறது. முதல் ஆறு குழிகளில் பந்து பறக்கும், கை இளகிவிடும், குறுகிய மட்டைகளிலேயே கிரீனை அடைந்துவிடலாம் என்று உடம்பு நம்பத் தொடங்கிவிடும். கோடியில் சில குழிகள் திசை மாறி மாறி வளைகின்றன. அதன் பிறகு கடைசிக் குழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றை எதிர்த்து நிற்கின்றன. இந்தத் தடத்தின் ஆபத்து காற்றின் வேகத்தில் இல்லை. ஒரே வகையான முடிவை ஆறு முறை தொடர்ந்து எடுத்துப் பழகிவிட்ட மனம், ஏழாவது முறையும் அதையே எடுக்க முனைவதில்தான் இருக்கிறது. அண்ணாச்சி 130-க்கு 8 என்று மூன்று குழிகள் வெற்றியாக விளையாடிவிட்டு நான்காவதில் மாட்டிக்கொண்டது இதே கதைதான்.

ட்ரூனின் 8-ஆம் குழியை அஞ்சல்தலை என்றே அழைக்கிறார்கள், கிரீன் அவ்வளவு சிறியது. இன்று 123 கெஜம். பிரிட்டனின் ஓபன் போட்டி நடக்கும் மைதானங்களில் இதைவிடக் குறுகிய குழி இல்லை. 1973-இல், தம் 71-ஆவது வயதில், அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசென் அங்கே ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் இறக்கினார். அன்று அவர் எடுத்த மட்டை 5-ஆம் எண் அயர்ன். இளைஞர்கள் குறுந்தூர மட்டையான வெட்ஜ் எடுக்கும் தூரத்துக்கு 5-ஐ எடுக்க அவர் கூசவில்லை. மட்டையின் எண்ணில் கௌரவம் பார்க்கும் நம்மவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறானது மியூர்ஃபீல்டு. எடின்பரோ கோல்ஃபர்களின் சங்கம் 1891-இல் குடிபெயர்ந்து வந்த மைதானம் அது. 1920-களில் மைதான வடிவமைப்பாளர் ஹாரி கோல்ட் அதைத் திருத்தி அமைத்தார். முதல் ஒன்பது குழிகள் வெளிவட்டமாக வலஞ்சுழியில் செல்கின்றன. அடுத்த ஒன்பது அதற்குள்ளே இடஞ்சுழியில் சுற்றுகின்றன. தொடர்ச்சியாக மூன்று குழிகளுக்கு மேல் ஒரே திசையில் போவதில்லை. காற்று ஒரு குழியில் இடக் கன்னத்தில் படும், அடுத்ததில் முதுகில், அதற்கடுத்ததில் வலக் கன்னத்தில். அங்கே விளையாடியபோது முதல் ஐந்து குழிகளில் எனக்கு எரிச்சலாகவே இருந்தது, ஏனென்றால் எதுவும் கையில் பதிய மாட்டேன் என்றது. பிறகுதான், பதியவிடாமல் செய்வதே அமைத்தவரின் நோக்கம் என்று விளங்கியது. அன்று பையிலிருந்த பதினான்கு மட்டைகளில் பதின்மூன்றை எடுத்திருந்தேன். பதினான்கு என்ற வரம்பு அமெரிக்காவில் 1938-இலும் பிரிட்டனில் 1939-இலும் வந்தது. அந்தப் பதினான்கையும் பயன்படுத்த வைப்பதையே நல்ல தடத்துக்கு அடையாளமாக நான் கொள்கிறேன். ஆறு மட்டைகளை மட்டும் திரும்பத் திரும்ப எடுக்க வைக்கும் மைதானம் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் எனக்கு அது குறையுள்ளதுதான்.

நம் நெல்லையப்பர் ஆனித் தேரைச் சிறு வயதிலிருந்து வீட்டு வாசலில் நின்று பார்த்தவன் நான். நேர் வீதியில் வடம் பிடிப்பவர்களுக்கு ஒரு தாளம் அமைந்துவிடும். சத்தம் எழும்ப எழும்பத் தேர் தானே வருவதுபோல வரும். முக்கு வந்ததும் அந்தத் தாளத்தை அங்கேயே விட்டுவிடுவார்கள். வடத்தைத் தளர்த்தி, முட்டுக்கட்டை கொடுத்து, தேரைத் திருப்பி, வடத்தைப் புதிய வீதியின் நேருக்குப் பிடித்த பிறகுதான் மறுபடி இழுப்பார்கள். மைதானத்திலும் திசை திரும்பும் டீ (ஒரு குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடம்) ஒவ்வொன்றும் ஒரு முக்குத்தான். முந்தைய வீதியின் வேகத்தோடு அதைத் திருப்ப முயன்றதுதான், அண்ணாச்சி, உங்கள் இரண்டாம் ஒன்பதில் நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

கொக்கிரகுளத்தான்:

இருவருக்கும் மிக்க நன்றி. 140 என்ற கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தபோது மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனால் ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு டீயிலும் எல்லாவற்றையும் புதிதாக எண்ணத் தொடங்கினால், ஆட்டத்துக்கு வேண்டிய லயம் எப்படி அமையும்? காட்டெருமைகளுக்காக நின்ற கால்மணி நேரத்துக்குப் பிறகு என் வீச்சே எனக்கு அந்நியமாகிவிட்டது. காற்றையும் மேட்டையும் கணக்கிடலாம். இதை எப்படிக் கணக்கிடுவது?

அம்பை மருதம்:

ஐயா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம்; இப்போது சென்னையில் மருத்துவராகப் பணிபுரிகிறேன்; கிண்டியில், குதிரைப் பந்தயத் தடத்துக்கு உள்ளே அமைந்த மைதானத்தில் விளையாடிப் பழகியவள். மேடு பள்ளம் அதிகமில்லாத இடம் என்பதால், அங்கே நான் உணர்ந்த தடுமாற்றங்கள் பெரும்பாலும் நடையாலும் காத்திருப்பாலும் வந்தவை.

லயம் என்பதை வீச்சின் வேகம் என்று மட்டும் நாம் எண்ணிக்கொள்கிறோம். நான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஒரு சுற்றில் பந்தை அடிக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மீதி எல்லாம் நடையும் நிற்பதும். ஆகவே கிரீனிலிருந்து அடுத்த டீ எவ்வளவு தொலைவில் இருக்கிறது, மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குறுகிய குழிகளான பார்-3 எந்த இடத்தில் வருகின்றன என்பவையும் தடத்தின் பகுதிகளே. தொடக்கத்திலேயே பார்-3 வந்தால் அங்கே கூட்டம் தேங்கும், ஏனென்றால் முன்னால் உள்ளவர்கள் கிரீனை விட்டு விலகும்வரை யாரும் அடிக்க முடியாது. பார்-4, பார்-5 குழிகளில் ஒரு குழு நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த குழு தொடங்கிவிடலாம். அதனால்தான் முதல் இரண்டு மூன்று குழிகளை விளையாட்டு ஓடும்படி அமைப்பது வழக்கம். இதற்கு விலக்குகளும் உண்டு: அலிஸ்டர் மெக்கன்சி அமைத்து 1928-இல் திறந்த கலிபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட்டில் 15-உம் 16-உம் அடுத்தடுத்து வரும் பார்-3 குழிகள், நிலமும் கடலும் அமைந்த விதம் அப்படி இருந்ததால் அவர் துணிந்தார். ஒன்று குறுகியது, மற்றொன்று கடலைத் தாண்டி இருநூறு கெஜத்துக்கு மேல். ஒரே பார் எண்ணுக்கு அடுத்தடுத்து இரண்டு எதிரெதிர் மட்டைகள்.

வரிசை மாறினால் அதே குழி வேறு குழியாகிவிடும் என்பதற்கு மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1934-இல் முதல் போட்டி நடந்தபோது, இன்று முதல் பாதியாக உள்ள ஒன்பது இரண்டாம் பாதியாக இருந்தது. அடுத்த ஆண்டே வரிசையை மாற்றிவிட்டார்கள். இன்று ஆட்டக்காரர்கள் அஞ்சும் 11, 12, 13 ஆகிய குழிகள் அன்று 2, 3, 4. அந்த 12-ஆம் குழி 155 கெஜமே உள்ள பார்-3. முன்னால் ஓடை, மேலே மரங்களுக்கிடையே சுழலும் காற்று. காலையில் உடம்பு சூடேறுமுன் அதைக் கடப்பது ஒன்று. மூன்று மணி நேரம் நடந்து, மதிப்பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பது முற்றிலும் வேறு.

காத்திருப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பின்பற்றுவது இது. நிற்க நேர்ந்தால் மட்டையைப் பைக்குள் வைத்துவிடுவேன். கையில் வைத்திருந்தால் கால்மணி நேரமும் அதையே நியாயப்படுத்திக்கொண்டிருப்போம். முறை வந்ததும், முன்பு வீசிய காற்றுக்குத் தேர்ந்த மட்டையால் இப்போது வீசும் காற்றில் அடிப்போம். என் முறை வந்த பிறகுதான் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பேன். அதன் பிறகுதான் மட்டை. பந்துக்குப் பின்னால் நின்று ஒரு மூச்சு, ஒரே ஒரு ஒத்திகை வீச்சு, அடி. எண்ணுவது பந்துக்குப் பின்னால் நிற்கும்போது முடிந்துவிட வேண்டும், பந்தருகே வந்த பிறகு எண்ணக் கூடாது. ரத வீதி அண்ணன் சொன்னதுபோல ஒவ்வொரு முக்கிலும் முடிவு மாறலாம். முடிவை எடுக்கும் முறை மாற வேண்டியதில்லை. எனக்கு லயம் என்பது அந்த முறைதான்.

ஆனால் அண்ணனோடு ஓர் இடத்தில் உடன்பட முடியவில்லை. போய்த் திரும்பும் தடம்தான் மனத்தை மயக்கும் என்கிறார். ஒரே ஒன்பதை இரண்டு முறை சுற்றும் மைதானம் அதைவிட மயக்கும் என்பது என் எண்ணம். ஐயா, கவுடியாரில் எந்த இடத்தில் எந்த மட்டை என்பது மனப்பாடம் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் காலை ஏழு மணி அளவில் தொடங்குவீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது காற்று அநேகமாக இராது. இரண்டாம் சுற்றைத் தொடங்கும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். முடிக்குமுன் கடற்காற்று மேற்கிலிருந்து ஏறத் தொடங்கியிருக்கும். கண்ணுக்கு அதே குழி, அதே மரம், அதே தூரம். அதனால் கை அதே மட்டைக்குப் போகும். உங்கள் பழைய மதிப்பெண் அட்டைகள் இருந்தால், இரண்டாம் சுற்றில் மேற்கு பார்த்த குழிகளை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுத முடியுமா?

வடக்கு ரத வீதி:

மருத்துவர் சொல்வது சரியாகப் படுகிறது. ஒன்பதை இரண்டு முறை சுற்றும் மைதானத்தில் நான் அதிகம் விளையாடியதில்லை; அதனால் எனக்கு அது தோன்றவில்லை. சில இடங்களில் இரண்டாம் சுற்றுக்கு வேறு டீ வைத்துத் தூரத்தை மாற்றுவார்கள். தூரம் மாறினால் கேள்வி மறுபடியும் எழும், கையும் நின்று யோசிக்கும்.

கொக்கிரகுளத்தான்:

பதினெட்டு அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். மேற்கு நோக்கிய குழிகளில், இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு அடிகள் கூடியிருக்கின்றன; மற்றக் குழிகளில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். நான்கு ஆண்டுகளாக அதைக் களைப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். அட்டையின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

நேற்று மறுபடி சென்றிருந்தேன். முதல் சுற்றில் ஒரு மேற்குக் குழியில் 130 கெஜத்திலிருந்து 7-ஆம் எண்ணால் கிரீனின் நடுவில் போட்டேன். இரண்டாம் சுற்றில் அதே இடத்துக்கு நாலைந்து அடி அருகிலேயே பந்து நின்றது. கேடி கேட்காமலே 7-ஐ நீட்டினார்; நானும் வாங்கிவிட்டேன். முன்னால் உள்ளவர்கள் கிரீனில் இருந்ததால் அதைத் திருப்பிப் பைக்குள் வைக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர்கள் விலகிய பிறகு புல்லைக் கிள்ளித் தோள் உயரத்தில் விட்டேன். அது கீழே விழாமல் என் சட்டையிலேயே வந்து ஒட்டியது. 5-ஐ வாங்கி, பனைவிளைத் தம்பி சொன்னபடி பிடியைத் தாழ்த்தி முக்கால் வீச்சாக அடித்தேன். பந்து தாழ்வாகப் போய், கிரீனுக்கு முன்னால் ஒருமுறை குதித்து, கொடிக்கு இடப்பக்கம் பத்தடியில் நின்றது.

தை மாதம் மறுபடி கொடைக்கானல் செல்வதாக இருக்கிறோம். அப்போது காற்று ஆனியைப் போல மேற்கிலிருந்து வராது, வாடைக்காலம். மேட்டுக் குழியின் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். திரும்பி வந்ததும் இங்கே எழுதுகிறேன்.